எழுதாத தேதித்தாள்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு கம்பி தொங்குகிறது. மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அதே மாதிரி வளைந்த கம்பி. தினக் காலண்டரில் கிழிக்கிற தேதித்தாளை அதில்தான் குத்தி வைப்பேன். அன்றைக்குச் சவாரி இருந்தால் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், டீசல் எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு. சவாரி இல்லாத நாளின் தாளும் கம்பிக்குப் போகும், எழுத்தே இல்லாமல். வருஷ முடிவில் கட்டி வைத்துவிட்டு அடுத்த வருஷத்தைத் தொடங்குவேன்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் நாகலூர்ப் பக்கம் மிளகு குத்தகை எடுப்பவர். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஆவணி வாக்கில் சரம் பிடித்திருப்பதை அண்ணாந்து பார்த்து, இந்தத் தோட்டம் இவ்வளவு கொடுக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, தோட்டக்காரரிடம் ஒரு தொகை பேசி முன்பணம் கொடுப்பார். தையும் மாசியும் பறிப்பு. நடுவில் மழை ஏமாற்றினாலும், சரம் உதிர்ந்தாலும், சேலம் மண்டியில் விலை இறங்கினாலும் பேசிய பணம் பேசியதுதான். ஒரு வருஷம் நல்ல லாபம். மறு வருஷம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும்.

"குத்தகைன்னா மரத்தை வாங்கறதில்ல கண்ணு, அந்த வருசத்து மழையை வாங்கறது" என்பார். மழை பெய்த நாள், பெய்யாத நாள் எல்லாம் அவருடைய தேதித்தாளில் இருக்கும். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு மிளகில் புரியவில்லை. வண்டியில் புரிந்தது.

1996-ல் நான் டிரைவராக ஏற்காடு டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தபோது அங்கே நின்றவை பெரும்பாலும் அம்பாசிடர்கள். நான் ஓட்டியதும் ஒரு முதலாளியின் அம்பாசிடர்தான். நாள் படி, சவாரிக்கு இவ்வளவு என்று கமிஷன். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவிக்கு இறங்கும் இடம், ஏரி என்று ஒரு சுற்று. சேலத்து ஜங்ஷனில் ஆளை இறக்கிவிட்டு, மேலே வருகிற ஆள் யாராவது கிடைக்கிறார்களா என்று பார்த்துத் திரும்புவது இன்னொரு வேலை. வண்டிக்கு டயர் போனாலும், இன்ஜின் இறக்க வேண்டி வந்தாலும் அது முதலாளியின் கவலை. சவாரி இல்லாத நாளில் எனக்குக் கமிஷன் கிடையாது. அவருக்கு வரும்படி கிடையாது. அந்தக் காலி நாளின் பெரும் பங்கு அவர் தலையில் விழுந்தது. அன்று எனக்கு அது தெரியவில்லை. சீசனில் ஒரே நாளில் அவர் எண்ணி வாங்குகிற பணம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஏற்காட்டின் சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்ப்பது மே மாதத்து ஏற்காடு. கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா, ஏரியைச் சுற்றி நகர முடியாத நெரிசல். ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் டிரைவருக்குத் தூக்கம் கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் மலை காலியாகும். அதன் பிறகு சனி, ஞாயிறுதான் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த வாரமும் போச்சு. டிசம்பர் கடைசியில் பத்து நாள் விளக்கு எரியும், மறுபடி அணையும். எங்கள் தொழிலின் வருஷம் என்பது அறுபது எழுபது பொன்னான நாள்களும், நூறு நூற்றைம்பது சுமாரான நாள்களும், மிச்சம் வெறும் நாள்களும்.

2004-ல் படிக்கு ஓட்டுவதை விட்டேன். சேலத்தில் ஒருவர் நாலைந்து வண்டி வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு இண்டிகா டீசல் வண்டியை நாளுக்கு 300 ரூபாய்க்குப் பேசினேன். மாதம் 9,000. அட்வான்ஸ் 20,000. இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், எஃப்.சி., பெரிய இன்ஜின் வேலை அவருடையது. டீசல், ஆயில், பஞ்சர், பிரேக், கிளட்ச் என்னுடையது. ஒரு வருஷ ஒப்பந்தம், பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மே மாதம் முடிந்தபோது வாடகை போக என் கையில் நின்ற பணத்தை அதுவரை நான் ஒரே மாதத்தில் பார்த்ததில்லை.

ஜூனில் ஒன்பது தாள்களில் மட்டும் எழுத்து இருந்தது. ஜூலையிலும் அப்படித்தான். ஆகஸ்டில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு வருசம்னு எழுதியிருக்குப்பா. முன்னாடியே விட்டா அட்வான்ஸ் வராது." எழுதியிருந்தது உண்மை. சீசன் தலைக்கேறியிருந்த நேரத்தில் நான் படிக்காமல் போட்ட கையெழுத்து அது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கம்பியில் இருந்த தாள்களைப் பார்த்தார். "இதையெல்லாம் நீ வாங்கிட்டு வந்திருக்கே" என்றார். அன்றுதான் மழையை வாங்குவது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. முன்பு முதலாளியிடம் இருந்த காலி நாள்களை, நாளுக்கு 300 ரூபாய் கொடுத்து நான் என் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

வாடகை கட்டி முடிக்கவேண்டிய அவசரத்தில் இன்னொரு தவறும் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சேலத்துப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினும் கிளட்சும் தேயும், இறங்கும்போது பிரேக் தேயும். ரெண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். காலால் மட்டுமே பிடித்துக்கொண்டு வந்தால் பேடும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். சமவெளி வண்டிக்கு வருகிற ஆயுள் மலை வண்டியின் பிரேக்குக்கு வராது. மெக்கானிக் மாற்றச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. செலவு என்னுடையது, வண்டி அவருடையது. ஏப்ரலில் எப்படியும் திருப்பிக் கொடுக்கப் போகிறோம், அதுவரை ஓடட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பின்சீட்டில் பாட்டி மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் தீய்ந்த நாற்றம் வந்தது. அடுத்த வளைவுக்கு முன் பெடல் அடிவரை போயிற்று. முதல் கியருக்குத் தட்டி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் இடது முகத்தைச் சாய்த்து நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. குழந்தை விழிக்கக்கூட இல்லை. நான்தான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "குத்தகை மரத்துக்கு எவனும் எரு வைக்க மாட்டான்" என்று அப்பா சொல்வார். நான் எரு வைக்காத மரத்தில் ஐந்து உயிர்களை ஏற்றியிருந்தேன். அடுத்த நாள் தேதித்தாளில் சவாரிக் கணக்குக்குப் பதிலாக அந்த வளைவின் எண்ணை எழுதினேன்.

சொந்த வண்டி வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்ததுதான். சொந்தமானால் பிரேக்கைத் தள்ளிப்போட மாட்டோம் என்று நம்பினேன். பத்து வருஷத்துக்கு மேல் படிக்கும் வாடகைக்குமாக மாறி மாறி ஓட்டிச் சேர்த்து, 2016 ஏப்ரலில் ஒரு எட்டியோஸ் டீசல் வாங்கினேன். சேர்த்தது போக 6 லட்சம் பைனான்ஸ். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. சேர்வராயன் குகைக் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்டபோது அப்பா பானட்டைத் தடவிப் பார்த்தார். "மரம் உன்னுதுடா" என்றார்.

மரம் என்னுடையது என்று அவர் சொன்னது முழு உண்மையாவதற்கு இன்னும் 60 டியூ இருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்தில் வண்டிக் கடன் வாங்காத தெரு கிடையாது. லாரியும் போர்வெல் ரிக்கும் அப்படித்தான் இங்கே வளர்ந்தன. இந்தப் பக்கத்துக் கணக்கில் எனக்குச் சொன்ன வட்டி நூற்றுக்கு முக்கால் ரூபாய். மாதம் முக்கால், வருஷம் 9 சதவீதம். 6 லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 2,70,000. மொத்தம் 8,70,000. அதை 60-ஆல் வகுத்தால் மாதம் 14,500. கேட்பதற்குச் சுலபமாக இருந்தது.

வழக்கமாக என் வண்டியிலேயே வருகிற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். பகோடா பாயிண்டில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தார். "மாசா மாசம் அசலும் குறையுதே, வட்டி மட்டும் ஏன் கடைசி வரைக்கும் 6 லட்சத்துக்கே போடறாங்க?" என்று கேட்டார். அன்றைய தேதித்தாளின் பின்னாலேயே போட்டுக் காட்டினார். குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 9 சதவீதம் ஏறக்குறைய 16 சதவீதம். முதல் டியூவில் பாதிக்கு மேல் வட்டி. இரண்டு வருஷம் கட்டி 3,48,000 போன பிறகும் அசல் 4 லட்சத்துக்கு மேல் நிற்கும். அதனால்தான் நடுவில் வண்டியை விற்றுக் கடனை முடிக்கப் பார்க்கிறவர்கள் கையைப் பிசைகிறார்கள். வண்டியின் விலை வேகமாக இறங்குகிறது, கடன் மெதுவாக இறங்குகிறது. அந்தத் தாளை நான் கம்பியில் குத்தவில்லை, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தேன்.

அன்றைக்கு எங்கள் ஸ்டாண்டில் அதே மாதிரி வண்டிக்கு நாள் வாடகை 800. என் டியூவை முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் 483 ரூபாய். இன்சூரன்ஸ், எஃப்.சி., டாக்ஸ், டயர் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 650-ஐத் தொடும். ஆக, வாடகைக்காரர் என்னைவிட நாளுக்கு 150 ரூபாய் கூடக் கொடுத்தார். அந்த 150 எதற்கு என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கிற உரிமைக்கு. அந்த உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் 150 ரூபாய் நியாயமான விலை. நான் 2004-ல் கையெழுத்திட்டது மாதிரி அது இல்லாமல் போனால், சொந்த வண்டிக்காரனின் பாரத்தையும் வாடகைக்காரனின் வெறுங்கையையும் சேர்த்து வாங்கியதாகிவிடும்.

சொந்த வண்டியின் முதல் வருஷமே சோதனை வந்தது. 2016 நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மலைக்கு வரத் திட்டமிட்டிருந்தவர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். எப்படியோ சமாளித்தேன். அதைவிட என்னை உலுக்கியது 2018 மழைக்காலம். பேட் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, "டியூ கட்டிட்டு அடுத்த வாரம் வர்றேன்" என்று என் வாயே சொன்னது. சொல்லிவிட்டு ஒண்டிக்கடை வரை வந்தவன் வண்டியைத் திருப்பினேன். வாடகை வண்டியில் அடுத்தவன் பொருள் என்று தள்ளிப்போட்டேன், சொந்த வண்டியில் டியூவுக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். யார் பெயரில் வண்டி இருந்தாலும் காலி நாளின் பயம் கடைசியில் பிரேக்கில் போய்த்தான் உட்காருகிறது. அன்றிலிருந்து கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஒரு டப்பாவில் போடுகிறேன். பிரேக், டயர், கிளட்ச் தவிர வேறு எதற்கும் அந்த டப்பா திறக்காது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூடத் திறக்கவில்லை.

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-லிருந்து கம்பியில் ஏறிய தாள்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏப்ரல், மே இரண்டும் முழு வெற்று. அப்போது 47 டியூ முடிந்திருந்தது, 13 பாக்கி. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் கடைசி வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடியது. செப்டம்பரில் மாநிலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம் என்றானபோதும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வருகிறவர்களுக்கு வேண்டும் என்று இருந்தது. மலை திறந்தும் ஆள் வரவில்லை. மனைவி கேட்காமலேயே தோட்டைக் கழற்றித் தந்தாள். ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற நண்பர் வாடகை வண்டிக்காரர். ஒரு மாத அட்வான்ஸை இழந்து, முதல் வாரமே சாவியைக் கொடுத்துவிட்டுக் காபித் தோட்டத்து வேலைக்குப் போனார். கூலி குறைவுதான், ஆனால் ராத்திரி தூங்கினார். அந்த ஆறு மாதத்தில் அவர் செய்ததே சரி.

2021 டிசம்பரில் நான் கடைசி டியூவைக் கட்டினேன். பைனான்ஸில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஹெச்.பி. ரத்து செய்து, என் பெயர் மட்டும் இருக்கிற ஆர்.சி.யை வாங்கினேன். பணம் முடிந்த சந்தோஷத்தில் இந்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விற்கப் போகும்போது அலைகிறார்கள். அதற்கடுத்த மே மாதத்தில் நாளெல்லாம் ஓடிய பணம் டீசலும் டப்பாவும் போக வீட்டுக்கு வந்தது. மறுபடி வாடகை வண்டிக்கு வந்திருந்த நண்பர் அதே மே மாதம் நாளுக்கு 1,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தில் நான் செய்ததே சரி. ஒரே கேள்விக்கு இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு பதில் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

2023-ல் லண்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். அவரும் அங்கே டாக்ஸி ஓட்டுபவர். ஏரிக்கரையில் டீ குடித்தபடி இரண்டு டிரைவர்கள் பேசுகிற பேச்சைப் பேசினோம். "எங்கட பக்கம் இந்த வருசம் தை முதலாந் தேதியில இருந்து புதுசாப் பதியிற வாடகைக் கார் எல்லாம் புகையில்லாம ஓடக்கூடியதா இருக்கோணும். அந்தக் கார் விலைக்கு நான் எங்க போறது? கிழமைக்கு இவ்வளவெண்டு வாடகை. இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ள" என்றார். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான் தம்பி நானும் முதல் கேட்டனான்" என்றார். கடல் தாண்டியும் கேள்வி அதேதான்.

போன தை மாதம் மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம், படிக்கு ஓட்டுகிறான். "அண்ணா, வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். ஷோரூம்ல கம்மியா முன்பணம் கட்டினாப் போதுங்கறாங்க. சேலத்துல ஒருத்தர் வாடகைக்கும் தர்றேங்கறார். ஓன் போர்டு வண்டி ஒண்ணும் சல்லிசா வருது" என்றான்.

ஓன் போர்டை அப்போதே மறுத்தேன். வெள்ளை போர்டில் ஆள் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், ஆயுள் முழுக்கக் கட்டினாலும் தீராது. மற்ற இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. கட்டி வைத்திருந்த முந்தைய வருஷத்துத் தாள் கட்டை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். "இதுல எழுதாத தாளை மட்டும் எண்ணிட்டு வா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து வந்தான். "நூத்தி நாப்பத்தி மூணுண்ணா" என்றான். குரல் இறங்கியிருந்தது. அதில் தொடர்ச்சியாக வந்த நீளமான வெற்று நாள்கள் எத்தனை என்றும் அவனே எண்ணியிருந்தான். அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஆடி மாத வரும்படியில் டியூ கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும், மே மாத வரும்படியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. முன்பணம் போக ஆறு டியூவுக்கான பணம் தனியாகக் கையில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வாடகை, ஆனால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பிரேக் செலவு வண்டிக்காரருடையது என்றும் எழுத வேண்டும், அதற்காக நாளுக்கு ஐம்பது கூடக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

பையனிடம் இரண்டு டியூவுக்குத்தான் பணம் இருந்தது. சித்திரையில் வாடகைக்கு எடுத்தான். சேலத்துக்காரர் முதலில் முரண்டு பிடித்து, பிறகு அந்த இரண்டு வரியையும் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளில் சொந்த வண்டி எடுப்பான் என்று எனக்குத் தெரியாது, எடுப்பான் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் ஐந்து நாள் மழை. ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவன் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டினான். சட்டைப் பையிலிருந்து மடித்த தேதித்தாள்களை எடுத்துக் காட்டினான். ஐந்து தாள். நான்கு வெற்று. ஐந்தாவதின் பின்னால் பென்சிலில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: முன்பக்க பேட் மாற்றியது.

எங்கள் அப்பா உயிரோடிருந்தால் அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்திருப்பார். நான் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்தேன்.